வளர்த்த வீடும் ஏற்ற ஊரும்

நுழையும்முன்

ஒரு குழந்தையைப் பெற்றெடுப்பதால் மட்டும் ஒருவர் பெற்றோர் ஆகிவிடுவதில்லை, வளர்ப்பதாலும் ஆகின்றனர். இவ்வுண்மையைத் தமிழ் இலக்கியம் தொடக்கம் முதலே அறிந்திருக்கிறது. எனினும், வளர்ப்புப் பிள்ளையை வீடு ஏற்றுக்கொண்ட பின்னரும், “இவன் யார்? யாருடைய மகன்?” என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வினாவை எதிர்கொண்ட கதைமாந்தர் மூவரைக் காப்பியத்திலிருந்தும், வங்க நாவலிலிருந்தும், தமிழ் நாவலிலிருந்தும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நற்றாயும் செவிலித்தாயும்

சங்க அக இலக்கியத்தில் தலைவிக்குத் தாயர் இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் உடல் வாட்டத்தையும் உள்ள மாற்றத்தையும் கூர்ந்து நோக்குபவள் செவிலி. தலைவி தலைவனுடன் சென்றபின் பாலை நிலத்தின் வழியே அவளைத் தேடிச் செல்பவளும் செவிலியே. தலைவியின் உயிர்த்தோழியைச் செவிலியின் மகளாகவே தொல்காப்பியம் சுட்டுகிறது. வளர்த்தலால் உண்டாகும் உறவு, பெற்றலால் உண்டாகும் உறவுக்குச் சற்றும் குறைந்ததன்று என்னும் எண்ணம் இவ்வமைப்பில் அடங்கியுள்ளது.

ஆனால், செவிலி வளர்த்த பெண்ணின் குடிப்பிறப்பைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அவள் இன்னார் மகள் என்பதை ஊரே அறியும். பெற்றோர் யாரெனத் தெரியாத குழந்தையை ஒருவர் எடுத்து வளர்க்கும்போதுதான் உண்மையான சிக்கல் தோன்றுகிறது. அச்சிக்கலை ஆழமாகப் பேசிய முதல் தமிழ்க்கதை மணிமேகலையில் உள்ளது.

சோற்றுக்குப் பதில் கல்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை 30 காதைகளைக் கொண்டது. அதன் 13ஆம் காதையில் அறவண அடிகள், அமுதசுரபியை முதலில் பெற்ற ஆபுத்திரனின் வரலாற்றை மணிமேகலைக்குக் கூறுகிறார்.

வாரணாசியைச் சேர்ந்த சாலி என்னும் பார்ப்பனப் பெண், தான் செய்த பிழைக்கு அஞ்சிக் குமரியில் நீராடப் புறப்படுகிறாள். வழியில் ஓர் ஆண்குழந்தையைப் பெற்று, இரவில் ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். அழுத குழந்தையைப் பசு ஒன்று நாவால் நக்கி, பாலூட்டி, ஏழு நாள் அகலாமல் காக்கிறது. அவ்வழியே மனைவியுடன் வந்த வயனங்கோட்டு அந்தணர் இளம்பூதி குழந்தையின் அழுகுரலைக் கேட்கிறார். அக்குழந்தை பசுவின் மகன் அல்லன், தம் மகனே என்று கூறி எடுத்துக்கொள்கிறார். தம் கிளை தழைக்க ஒரு பிள்ளை வந்தான் என்று மகிழ்ந்து, மறைநூல்களைக் கற்பித்து வளர்க்கிறார்.

அவன் வளர்ந்து கல்வி கற்கும் வரையில் அவனுடைய பிறப்பைக் குறித்து எவரும் வினவியதாகக் கதையில் இல்லை. ஒருநாள், வேள்வியில் பலியிடுவதற்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்த பசுவை அவன் காண்கிறான். அதன் துயரைப் பொறுக்க மாட்டாமல் இரவில் அதனை மீட்டுச் செல்கிறான். பிடிபட்டதும் அடிக்கப்படுகிறான். பிறந்த நாள் முதல் உலகுக்குப் பாலூட்டும் பசுவின்மேல் சினம் கொள்வது ஏன் என அவன் வாதிடுகிறான். அவன் கேட்ட வினாவுக்கு அங்கிருந்தோர் விடை கூறவில்லை. அவன் ‘பசுவின் மகன்’ என்று இகழ்ந்தனர். விலங்குகளின் வயிற்றில் பிறந்த முனிவர்களை எடுத்துக்காட்டி அவன் மறுமொழி கூறினான். உடனே ஒருவர் சாலியின் கதையை அவையில் வெளிப்படுத்தினார். அதற்கும் அவன் நகைத்து, வசிட்டரும் அகத்தியரும் பிறந்த கதையை நினைவூட்டினான்.

வாதத்தில் அவன் தோற்கவில்லை. எனினும் ஊரை இழந்தான். ‘என் மகன்’ என்று கூறி எடுத்த இளம்பூதியும் அவனை வீட்டைவிட்டு வெளியேற்றினார். அவன் இரந்துண்ணச் சென்ற ஊர்களில், அவனைக் களவன் என்று சொல்லி, ஏந்திய கலத்தில் கல்லை இட்டனர்.

இவ்விடத்தில் சாத்தனார் நுட்பமான ஓர் உண்மையைக் காட்டுகிறார். ஆபுத்திரனின் பிறப்பு அன்று புதிதாக மாறிவிடவில்லை. அவன் சொல்லும் கருத்து மற்றவர்க்கு இடையூறு ஆனபோதுதான் அவனுடைய பிறப்பு அவர்களுக்கு ஆயுதமாகப் பயன்பட்டது. கருத்தை வெல்ல இயலாதவர்கள், கருத்துரைத்தவனின் தாயைப் பற்றிப் பேசினர்.

கல்லைப் பெற்ற ஆபுத்திரன் தென்மதுரைக்குச் செல்கிறான். சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்கி, இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர், செவித்திறன் அற்றோர், கால் முடமானோர், நோயுற்றோர், காப்பாற்றுவார் இல்லாதோர் ஆகியோரை அழைத்து அளிக்கிறான். எஞ்சியதை உண்டு, திருவோட்டையே தலையணையாகக் கொண்டு உறங்குகிறான். ‘காப்பாற்றுவார் இல்லாதோர்’ என்னும் வரிசையில் அவனும் ஒருவன் என்பதைக் கற்போர் உணர்தல் வேண்டும். தனக்கு மறுக்கப்பட்டதை அவன் பிறருக்கு வழங்கினான். அதன்பின்னரே சிந்தாதேவி அமுதசுரபியை அவன் கையில் அளிக்கிறாள்.

மறுபிறவியிலும் அவன் வளர்ப்பு மகனாகவே வாழ்கிறான். சாவகத் தீவில் பிள்ளையில்லாத பூமிசந்திரன் என்னும் அரசன், மண்முக முனிவரிடமிருந்து பெற்று வளர்க்கும் புண்ணியராசன் அவனே. அரியணையில் அமர்ந்த பின்னர், தன்னைப் பெற்றவள் வேறு என்பதை அரசி அமரசுந்தரியின் வாயிலாக அறிந்து கலங்குகிறான். அவனுக்கு மணிமேகலை உரைப்பது, அரசனே கலங்கினால் நாட்டைக் காப்பவர் எவர் என்னும் வினாவையே. பிறப்பின் மறைபொருள் வெளிப்பட்ட பின்னும் கடமை மாறுவதில்லை என்பதே அவள் உணர்த்திய பாடம்.

தெரிந்து தெளிவோம்

‘தத்து’, ‘சுவிகாரம்’ என்னும் சொற்கள் வடமொழி வழி வந்தவை. மரபுவழி இந்து முறையில் ஆண்குழந்தையைத் தத்தெடுப்பதே பெருவழக்காக இருந்தது. நீர்க்கடன் செய்யவும் குடியின் பெயர் தொடரவும் ஒரு மகன் வேண்டும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும் என்பதைவிட, வீட்டுக்கு ஒரு மகன் வேண்டும் என்பதே அன்று முதன்மை பெற்றது.

கோரா: ஒரு நள்ளிரவின் மறைபொருள்

மணிமேகலை எழுப்பிய வினா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்க மொழியில் புதிய சூழலில் மீண்டும் ஒலித்தது. இரவீந்திரநாத் தாகூரின் ‘கோரா’ 1910இல் நூலாக வெளிவந்தது. கல்கத்தாவைக் களமாகக் கொண்ட இந்நாவலின் தலைவன் கௌர்மோகன். வெண்ணிற மேனியன் ஆதலால் கோரா என்று அழைக்கப்படுபவன். இந்து ஆசாரங்களைச் சிறிதும் தளர்த்தாமல் கடைப்பிடிப்பவன். நாட்டின்மீது கொண்ட அன்பையும் ஆசாரத்தின்மீது கொண்ட பற்றையும் ஒன்றாகவே கருதுபவன்.

அவன் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின்போது, அயர்லாந்துப் பெண் ஒருத்தி ஓரிரவில் கிருஷ்ணதயாள், ஆனந்தமயி இணையரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தாள். அவ்விரவே ஆண்குழந்தையைப் பெற்று இறந்தாள். அக்குழந்தையே கோரா. பிள்ளையில்லாத ஆனந்தமயி அவனைத் தன் மகனாகவே ஏற்று வளர்த்தாள்.

கோராவை மடியில் ஏந்திய அந்நாளிலேயே ஆனந்தமயி ஆசாரங்களைக் கைவிட்டாள். குழந்தையை நெஞ்சோடு அணைக்கும்போது அது எந்தச் சாதியோடும் பிறப்பதில்லை என்பது விளங்கிவிடும் என்பதே அவளுடைய தெளிவு. அவளுடைய இல்லத்தில் பணிபுரிபவள் லச்மியா என்னும் கிறித்தவப் பெண். சிறுவயதில் கோரா அம்மைநோயால் வாடியபோது அவனைக் காத்தவள் அவளே. ஆயினும் வளர்ந்த கோரா, லச்மியாவைக் காரணம் காட்டித் தாயின் அறையில் உண்ண மறுக்கிறான். தன்னை வளர்த்த இரு பெண்களின் கைந்நீரை, தனக்குப் பிறப்பால் உரிமையில்லாத ஓர் ஆசாரத்தின் பெயரால் அவன் மறுக்கிறான். நாவலின் பெருந்துயரம் இம்முரணிலேயே அடங்கியுள்ளது.

சிற்றூரில் கற்ற பாடம்

கோராவின் உள்ளம் முதன்முதலில் அசைவது கல்கத்தாவில் அன்று, நாட்டுப்புறத்தில். ஊர்களைக் காணப் புறப்பட்ட அவன், முஸ்லிம்கள் வாழும் ஒரு சிற்றூரை அடைகிறான். நீலச்சாகுபடி செய்யும் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் கொடுமையை எதிர்த்த காரணத்தால் அவ்வூர் மக்கள் பெருந்துன்பத்துக்கு ஆளாகியிருந்தனர். அங்கிருந்த ஒரே இந்துக் குடும்பம் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவருடையது. அவரும் அவர் மனைவியும், தந்தை சிறைப்பட்டதால் ஆதரவிழந்த முஸ்லிம் சிறுவன் ஒருவனைத் தம் வீட்டில் வளர்த்து வருவதைக் கோரா காண்கிறான்.

ஆசாரம் மீறப்பட்டதாகக் கோரா கடிந்துரைக்கிறான். அம்மனிதரோ நீண்ட விளக்கம் எதுவும் கூறவில்லை. இறைவனைத் தாம் ஒரு பெயரால் அழைப்பதையும் அவர்கள் வேறொரு பெயரால் அழைப்பதையும் சுட்டி, இதில் என்ன வேறுபாடு என்பதுபோல் எளிமையாக விடையிறுக்கிறார்.

நீரும் உணவும் தேடிக் கோரா அவ்விடம் விட்டு நீங்கி, தோட்டக்காரருக்குத் துணைநிற்கும் மேல்சாதி அலுவலர் ஒருவரின் இல்லத்துக்குச் செல்கிறான். அங்கே உண்ண அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஏழைகளை வருத்துபவன் வீட்டு உணவு தூயது, ஆதரவற்ற குழந்தையைக் காப்பவன் வீட்டு உணவு தீட்டுடையது என்றால் அந்த ஆசாரத்துக்குப் பொருள் என்ன என்னும் எண்ணம் அவனை வருத்துகிறது. அவன் முடிதிருத்துபவர் வீட்டுக்கே திரும்புகிறான். தானும் அச்சிறுவனைப்போல் வேற்றுச் சமயத்தார் எடுத்து வளர்த்த குழந்தையே என்பதை அப்போது அவன் அறியான். படிப்போர் மட்டுமே அறிவர்.

இறுதியில் கிருஷ்ணதயாள் நோயுற்று, இறப்பு நெருங்கிவிட்டதாக அஞ்சுகிறார். கோரா தமக்கு ஈமக்கடன் செய்துவிடுவானோ என்னும் அச்சமே உண்மையை வெளியிடச் செய்கிறது. அவன் வளர்ந்த காலமெல்லாம் சொல்லப்படாத செய்தி ஒரு சடங்கின் பொருட்டுச் சொல்லப்படுகிறது. கணப்பொழுதில் கோரா தன் சாதியையும் குலத்தையும் பெயரையும் இழந்தவனாகிறான். ஆயினும் அவ்விழப்பே அவனுக்கு விடுதலையாகவும் அமைகிறது. இனி எந்தப் பிரிவின் வேலியும் இல்லாமல் இந்தியா முழுமைக்கும் உரியவனாகத் தன்னை உணர்கிறான். ஆனந்தமயியிடம் திரும்பி வந்து, தான் தேடிய தாய் அவளே என்று கூறி, லச்மியாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறான். பெரும் வாதங்கள் நிறைந்த நாவல், ஒரு குவளைத் தண்ணீரில் நிறைவுபெறுகிறது.

பூட்டிய வீட்டைத் தேடி வந்தவன்

தமிழ் நாவல் இதே வினாவைச் சிற்றூர் ஒன்றின் தெருவில் நிறுத்திப் பார்த்தது. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ 1973இல் நூலாக வெளிவந்தது. இதன் தலைவன் ஹென்றி.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகவே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். உறவுகளைப் பிரிந்தோர் பலர். அப்பெருந்துயரின் நடுவே கிடைத்த குழந்தையே ஹென்றி. அவனை வளர்த்தவர் சபாபதிப் பிள்ளை. ஹென்றி ‘பப்பா’ என்றழைத்த அவரும், ‘மம்மா’ என்றழைத்த பெண்மணியும் வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள். இருவரும் தத்தம் சமயத்தை அவன்மீது சுமத்தவில்லை. அவன் தாங்கள் பெற்ற பிள்ளை அல்லன் என்பதையும் மறைக்கவில்லை.

பப்பா மறைந்த பின்னர், அவர் பிறந்த ஊராகிய கிருஷ்ணராஜபுரத்தைத் தேடி ஹென்றி வருகிறான். நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் பப்பாவின் வீட்டில் வாழவேண்டும் என்பதே அவன் விருப்பம். ஊருக்கு அவனை எவ்வாறு வகைப்படுத்துவது என்று தெரியவில்லை. அவன் பெயர் ஒரு சமயத்தைக் காட்டுகிறது. தந்தையின் பெயர் வேறொன்றைக் காட்டுகிறது. நிறமும் பேச்சும் எந்தச் சாதிக்குள்ளும் அடங்கவில்லை. சொத்து என்று வந்தபோது, இவன் உண்மையில் யார் என்னும் வினா ஊர்ப் பஞ்சாயத்து வரை செல்கிறது.

அவ்வினாவுக்கு விடை கூறுபவர் சபாபதிப் பிள்ளையின் தம்பியாகிய துரைக்கண்ணு. லாரி ஓட்டும் தொழிலர். முரட்டுத்தனமும் சினமும் உடையவர். ஹென்றி வந்ததால் இழப்பு ஏற்படக் கூடியவர் ஊரில் ஒருவர் உண்டென்றால், அவர் துரைக்கண்ணுவே. ஆனால், தம் அண்ணன் மகனென வளர்த்தவன் தமக்கும் மகனே என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. ஆவணமோ சான்றோ அவர் கேட்கவில்லை. உறவை மறுப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தும், மறுக்காத மனிதராக அவரை ஜெயகாந்தன் படைத்துள்ளார்.

ஹென்றியும் வழக்காட வந்தவன் அல்லன். உரிமையைக் காட்டிலும் உறவே அவனுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பப்பாவின் வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறுகிறான். எங்கிருந்து வந்தாள் என்று எவரும் அறியாத, மனநலம் குன்றிய பெண் ஒருத்தி அங்கு வந்தபோது, அவளுக்கும் அவ்வீட்டில் இடமளிக்கிறான்.

மூன்று கதைகளும் உணர்த்துவன

காலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இம்மூன்று கதைகளையும் ஒருங்கே நோக்கினால் மூன்று செய்திகள் புலனாகும்.

முதலாவது, பிறப்பைப் பற்றிய வினா எப்போதும் எழுவதில்லை. சில தருணங்களில் மட்டுமே எழுகிறது. ஆபுத்திரன் மாற்றுக்கருத்து உரைத்தபோது எழுந்தது. கோராவின் கதையில் ஈமச்சடங்கு நெருங்கியபோது வெளிப்பட்டது. ஹென்றியிடம் சொத்தைக் குறித்துப் பேச நேர்ந்தபோது கேட்கப்பட்டது. கருத்து, சடங்கு, சொத்து ஆகிய மூன்று வாயில்களிலும் ஊர் காவல் நிற்கிறது. மற்ற நாள்களில் அவ்வினாவை மறந்திருக்கும் ஊர், இவ்விடங்களில் மட்டும் அதனை நினைவுகூர்கிறது. ஆகவே, அவ்வினா பிள்ளையைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் கேட்பவரின் தேவையைப் பற்றியதே ஆகும்.

இரண்டாவது, உண்மையை உரிய காலத்தில் சொல்வதன் இன்றியமையாமை. ஆபுத்திரனின் பிறப்பை அவையில் பகைவர் போன்றோர் வெளிப்படுத்தினர். கோராவுக்கு, வாழ்வின் கொள்கைகள் யாவும் உறுதிப்பட்ட பின்னர் சொல்லப்பட்டது. ஹென்றியோ அதனை வளர்த்தோரின் அன்போடு சேர்த்தே அறிந்தவன். எனவே, ஊர் கேட்ட வினா அவனைச் சிதைக்கவில்லை. வளர்த்தோர் வாயிலாக அறிந்த உண்மை ஒருவருக்கு வலிமையாகிறது. அதே உண்மை பிறர் வாயிலாக வரும்போது காயமாகிறது.

மூன்றாவது, ஏற்கப்பட்டவர்கள் ஏற்பவர்களாக மாறுகின்றனர். ஆபுத்திரன் காப்பாற்றுவார் இல்லாதோரை அழைத்து உணவளித்தான். கோரா தான் விலக்கியோர் அனைவரையும் தன்னவராகக் கொண்டான். ஹென்றி முன்பின் அறியாத பெண்ணுக்கு வீட்டைத் திறந்தான். உறவு பிறப்பால் மட்டுமே வருவதன்று என்பதைத் தம் வாழ்விலிருந்தே கற்றவர்கள் ஆதலால், அவர்களால் உறவின் எல்லையை விரிக்க இயன்றது.

இளம்பூதியும் துரைக்கண்ணுவும் ஒப்பிட்டு நோக்கத்தக்கவர்கள். மகனெனக் கூறித் தாமே எடுத்து வளர்த்த இளம்பூதி, ஊரின் சொல்லுக்கு அஞ்சிக் கைவிட்டார். தாம் எடுக்காத, வளர்க்காத ஒருவனை, அண்ணன் வளர்த்தான் என்னும் ஒரே காரணத்துக்காகத் துரைக்கண்ணு ஊரின்முன் ஏற்றார். எடுப்பது ஒரு நாள் செயல். ஏற்பது ஒவ்வொரு நாளும் தொடரும் செயல். வளர்ப்புப் பிள்ளையின் வாழ்வு வீட்டின் அன்பால் தொடங்குகிறது. உறவினரும் அண்டை அயலாரும் அவ்வன்புக்குத் துணைநிற்கும்போதே நிறைவடைகிறது.

சட்டம் வகுத்த வழி

இலக்கியம் எழுப்பிய வினாவுக்கு விடுதலை இந்தியாவின் சட்டம் தெளிவான விடை அளித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்படி, தத்தெடுத்த நாள்முதல் அக்குழந்தை எல்லா வகையிலும் வளர்ப்புப் பெற்றோரின் குழந்தையாகவே கருதப்படும். பெண்குழந்தையைத் தத்தெடுக்கவும் இச்சட்டம் வழிவகுத்தது. சமய வேறுபாடின்றி எவரும் உரிய முறைப்படி தத்தெடுப்பதற்கு இளைஞர் நீதிச் சட்டம் வாய்ப்பளிக்கிறது. இச்சட்டம் வீட்டுக்கு ஒரு மகன் வேண்டும் என்னும் பழைய நோக்கத்தை விடுத்து, குழந்தைக்கு ஒரு குடும்பம் வேண்டும் என்பதையே முதன்மையாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் நோக்கில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அதன் வாயிலாகக் காக்கப்பட்ட குழந்தைகள் பலர் தத்தெடுக்கப்பட்டுக் குடும்பங்களில் வளர்ந்தனர்.

சட்டம் உரிமையை வழங்க முடியும்; ‘இவன் எங்கள் பிள்ளை’ என்று சொல்லும் நாவை வழங்க இயலாது. அதனை மனிதர்களே வழங்க வேண்டும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது தமிழரின் பழமொழி. ‘ஊரார் பிள்ளை’, ‘தன் பிள்ளை’ என்னும் பிரிவே கரைந்துபோகும் இடத்தை இக்கதைகள் சுட்டிக்காட்டுகின்றன. உடன் பயிலும் ஒருவரிடம் “உன் உண்மையான பெற்றோர் யார்?” என்று வினவுவதற்கு முன், ஆபுத்திரனின் கலத்தில் விழுந்த கல்லை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளர்த்தவர்களும் உண்மையான பெற்றோர்களே.

கற்பவை கற்றபின்

1. ஆபுத்திரன் வாதிட்ட அவையில் இளம்பூதி துரைக்கண்ணுவைப் போன்று துணிந்து பேசியிருந்தால், அவர் என்ன கூறியிருப்பார்? உரையாடலாக எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

2. பெரியாழ்வார் – ஆண்டாள், பாரி மகளிர் – கபிலர் ஆகியோரிடையே நிலவிய உறவை நூலகத்தில் படித்தறிந்து, இக்கட்டுரையின் கருத்துகளோடு ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

1. சங்க அக இலக்கியத்தில் செவிலித்தாய் பெறும் இடத்தை விளக்குக.

2. ‘பிறப்பு ஆயுதமாகப் பயன்பட்டது’ – ஆபுத்திரன் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.

3. கோராவின் மனமாற்றத்துக்கு முடிதிருத்துபவரின் வீடு எவ்வாறு வித்திட்டது?

4. ‘எடுப்பது ஒரு நாள் செயல், ஏற்பது ஒவ்வொரு நாளும் தொடரும் செயல்’ – இக்கூற்றைக் கதைமாந்தர் வழி ஆராய்க.